கடைமடைக்கும் பங்கு

எங்கள் வவுனியாப் பக்கத்தில் எந்தக் குளமும் தனித்துக் கிடப்பதில்லை. மேற்குளம் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் வயல் தாண்டிக் கீழ்க்குளத்தில் விழும். அது நிரம்பினால் அதற்கடுத்தது, கடைசியில் அருவியாறு. இலங்கையின் வறண்ட வலயம் இந்தக் குளத்தொடர்களால் பிழைத்த நாடு. ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம் 2017இல் இவற்றை உலக வேளாண் மரபாக ஏற்றது.

குளத்தைப் பேண ஊர் கூட வேண்டும். ஆங்கிலேயர் 1832இல் இராசகாரியத்தை ஒழித்தனர். கட்டாய உழைப்பு ஒழிந்தது நல்லதே. ஆனால் கட்டு வேலைக்கு ஊரைக் கூட்டும் அதிகாரமும் அதோடு போயிற்று, குளங்கள் தூர்ந்தன. 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் போட்டுப் பழைய வழமைகளை மீட்கப் பார்த்தார்கள். குளத்து நீரைப் பங்கிடும் வட்டவிதானையாரின் சொல்லுக்குச் சட்டவலு வந்தது. 1958இன் நெற்காணிச் சட்டத்தோடு அந்தப் பதவியும் முடிந்தது.

மழை பொய்த்த ஆண்டுகளில் நடந்ததை என் அப்பு சொல்லிக் கேட்டிருக்கிறேன். துருசடியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பார்களாம். எல்லா வயலுக்கும் காணாதென்றால், துருசுக்குக் கிட்டிய வயல்களை மட்டும் விதைப்பது என்று கூட்டத்தில் தீர்மானமாகும். அந்தத் துண்டு நிலத்தில் ஊரார் எல்லாருக்கும் பங்கு. கடைமடைக் காணிக்காரரும் அந்தப் போகம் தலைமடையில் விதைப்பார். அறுவடை முடிந்ததும் காணி உரியவரிடம் திரும்பும். காலநிலைக்கு இசைந்து வாழ்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான திட்டத்தை நான் கண்டதில்லை.

போரும் இடப்பெயர்வும் அந்தக் கட்டுப்பாட்டைக் குலைத்தன. பிறகு 2016, 2017இல் கடும் வறட்சி. 2018 மார்கழியில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளம். 2016 முதல் 2025 வரைக்கெனத் தேசியக் காலநிலை இசைவாக்கத் திட்டம் எழுதப்பட்டது. அருவியாற்றுப் படுகைக் குளங்களைத் திருத்தப் பசுமைக் காலநிலை நிதியம் பணம் தந்தது. தொடர் முழுவதையும் ஒன்றாக எடுத்துத் திருத்துவதே நிதியம் பணம் தந்த அந்த வேலையின் அடிப்படை. அதை மனமார வரவேற்கிறேன்.

ஆனால் ஒற்றைக் குளத்தை மட்டும் திருத்தும் வேலைகள் இன்னும் நடக்கின்றன. எங்களுக்கு மேலேயுள்ள குளமொன்றின் வான்கட்டை உயர்த்தினார்கள். அதன் அலைகரைக்கு மேலிருந்த வயல்கள் மாரியில் தண்ணீருக்குள் போயின. எங்கள் குளத்துக்கு வான் தண்ணீர் பிந்தி வந்தது. சிறுபோகம் இல்லாமற் போயிற்று.

அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றே: ஒரு குளத்தில் மண்வெட்டி போடுமுன் மேற்குளத்துக் கமக்காரரையும் கீழ்க்குளத்துக் கமக்காரரையும் ஒரே கூட்டத்தில் இருத்திக் கேளுங்கள்.