சேமலாபக் கணக்கும் தோட்டத் தொழிலாளரின் செல்வமும்

ஓய்வுபெறும் நாளில் ஒருவரின் சேமலாபக் கணக்கிலுள்ள தொகையையே அவரது செல்வத்தின் அளவாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவ்வழக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைக் கொண்டு நோக்கலாம்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியைத் தோற்றுவித்தது. தொடக்கத்தில் தொழிலாளர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 4 வீதமும், தொழில்கொள்வோர் 6 வீதமும் செலுத்தினர். பின்னர் இவை 8, 12 என உயர்ந்தன. யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு இத்தகைய கணக்கு இல்லை. ஆயின் காணியும் கிணறும் பனையும் உள. எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத செல்வம் அது. தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர்க்கோ தாம் பிறந்து வளர்ந்த லயக் காம்பராவும் உரிமையன்று. எனவே ஏனையோர்க்குச் செல்வத்தின் ஒரு கூறாயிருப்பது இவர்க்கு ஏறக்குறைய முழுச் செல்வமுமாயிற்று.

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இதனை எழுத்திலேயே காட்டுகின்றது. 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாகியது. செல்வோர் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் உடைமைகளைக் கொண்டுசெல்லலாம். ஒரு குடும்பத்துக்கு அனுமதிக்கப்படும் உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படாது. தலைமுறைகளின் உழைப்பு இவ்வாறு ஒரு தொகையாகச் சுருங்கியது. லயத்து வாசலில் வைத்த மரக்கறித் தோட்டமும், அவசரத்துக்குக் கைமாற்றுத் தரும் அயலவரும், கொழுந்தெடுப்பில் கைவந்த திறனும் அத்தொகையில் அடங்கா. அவற்றை இராமானுஜம் கப்பலில் ஏற்றவும் இயலாது.

தொகை குறையாதிருக்கப் பெறுமதி மட்டும் கரைவதும் உண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. அவ்வாண்டுக்கு நிதி வழங்கிய வட்டி 9 வீதம். நூறு ரூபா 109 ஆக வளர்ந்தவிடத்து, முன்னர் நூறு ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கு ஏறத்தாழ 170 ரூபா வேண்டியிருந்தது. அதாவது, கணக்கில் உயர்ந்த தொகை கடையில் 64 ரூபாப் பொருளையே வாங்கிற்று. அடுத்த ஆண்டில், அரசின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது, நிதியிடமிருந்த திறைசேரி முறிகள் புதியனவாக மாற்றப்பட்டன. அவற்றின் வட்டி 2026க்குப் பின் 9 வீதமாகும். உறுப்பினரின் மீதி அன்றும் குறைக்கப்படவில்லை என்பது உண்மையே. குறைந்தது அம்மீதி இனி ஈட்டக்கூடியதாகும். அதனை எந்தக் கணக்குக் கூற்றும் காட்டாது.

கொழும்பில் சொந்த வீடுடைய எழுதுவினைஞருக்கு இவ்விழப்பு ஒரு வருத்தம். காணியின் விலை பணவீக்கத்தோடு தானும் ஏறியமையால் அவர் ஒருவாறு ஈடுசெய்துகொண்டார். ஓய்வுபெற்ற கொழுந்தெடுக்கும் தாய்க்கு அவ்வாறு ஏற எதுவும் இல்லை. பல தோட்டங்களில் அவர் காம்பராவில் தொடர்ந்திருப்பதும் மகனோ மகளோ தோட்டத்துப் பெயர்ப்பதிவில் இருப்பதைப் பொறுத்ததே.