முதல் ரவுண்டிலேயே முகம் சிவக்குதா? ஜீன் கோளாறு முதல் சாம்பாரில் கலக்கும் மாத்திரை வரை... முழு விளக்கம்!

பாதி பீர் கூட உள்ளே போயிருக்காது. அதற்குள் ஒருவருக்கு முகம், காது, கழுத்து எல்லாம் சிவந்து, உடம்பு கொதிக்க ஆரம்பித்துவிடும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அதே பீரைக் குடிப்பவருக்கோ ஒன்றும் ஆகாது. "தம்பிக்குப் பழக்கம் இல்ல, போகப் போக சரியாயிடும்" என்று அங்கே யாராவது ஒருத்தர் தீர்ப்பு சொல்வார். இன்னொருத்தர் "சரக்கு நல்ல சரக்கு, அதான் ஏறுது" என்பார்.

ரெண்டுமே தப்பு. முகம் சிவப்பது பழக்கக் குறைவும் இல்லை, சரக்கின் தரமும் இல்லை. உடம்பு ஒரு நச்சுப்பொருளை வெளியேற்ற முடியாமல் திணறுவதன் அடையாளம் அது.

சிங்கப்பூர், மலேசியாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் இதை நேரிலேயே பார்த்திருப்பார்கள். கூட வேலை பார்க்கும் சீன நண்பர் ஒரு கிளாஸிலேயே தக்காளிப் பழம் மாதிரி ஆகிவிடுவார். இதற்கு 'ஏசியன் ஃப்ளஷ்' என்றே பெயர் உண்டு. சீனா, ஜப்பான், கொரியா மக்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தப் பிரச்னை இருக்கிறது. உலக அளவில் 50 கோடிப் பேருக்கு மேல் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

ஆனால், இதற்குக் காரணமான மரபணு மாற்றம் தமிழ்நாட்டில் மிக அரிது. அப்படியென்றால் தம்மம்பட்டியிலோ ஆத்தூரிலோ நாமக்கல்லிலோ ஒருத்தருக்கு ஒரு கிளாஸிலேயே முகம் சிவந்து மூச்சு முட்டினால்? ஜீனை விட, அவர் வயிற்றுக்குள் என்ன மாத்திரை போயிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சில வீடுகளில் அந்த மாத்திரை போனது அவருக்கே தெரிந்திருக்காது. அந்த விஷயத்துக்கு வருவதற்கு முன்னால், உடம்புக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம்.

மது உள்ளே போனதும் என்ன நடக்குது?

மதுவை உடைத்து வெளியேற்றும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது கல்லீரல். இந்த வேலை ரெண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் 'ஏடிஹெச்' என்ற என்சைம் ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றும். இது ஆல்கஹாலை விட மோசமான நச்சு. அடுத்து 'ஏஎல்டிஹெச்2' என்ற இன்னொரு என்சைம் வந்து, அந்த நச்சை அசிட்டேட் என்ற சாதுவான பொருளாக மாற்றிவிடும். அது பிறகு கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் பிரிந்து போய்விடும்.

ரெண்டாவது என்சைம் ஒழுங்காக வேலை செய்தால், அசிட்டால்டிஹைடு ரத்தத்தில் தேங்காது. அது சொதப்பினால்தான் சிக்கல். தேங்கிய நச்சு, ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கிளப்பிவிட்டு ரத்தக் குழாய்களை விரிய வைக்கும். முகம் சிவப்பது, சூடு பரவுவது, தலைவலி, குமட்டல், படபடப்பு எல்லாமே இதன் விளைவுகள்தான்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'சிவக்கும்' என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் இருப்பவர்களுக்கு நிறமாற்றம் வெளியே தெரியாமலே போகலாம். முகத்திலும் காதிலும் திடீரென்று சூடு ஏறுவதும் படபடப்பும்தான் அவர்களுக்கு அடையாளம்.

ஜீனில் எங்கே கோளாறு?

ஏஎல்டிஹெச்2 என்சைமைத் தயாரிக்கும் குறிப்பு, நம் 12வது குரோமோசோமில் இருக்கிறது. கிழக்காசிய மக்கள் பலருக்கு அந்தக் குறிப்பில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் என்சைமின் 504வது இடத்தில் குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக லைசின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான் மாற்றம். என்சைம் கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது.

இந்த ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு ரெண்டு பிரதிகள் வரும். ஒன்று நல்லது, ஒன்று கோளாறு என்றால் பாதி வேலையாவது நடக்குமே என்று தோன்றும். நடக்காது! இந்த என்சைம் தனியாக வேலை செய்வதில்லை. நாலு துண்டுகள் சேர்ந்தால்தான் ஒரு முழு என்சைம். ஊர்த் திருவிழாவில் நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கும் சப்பரத்தை நினைத்துப் பாருங்கள். அதில் ஒருத்தருக்குக் கால் சுளுக்கினால் கூட மற்ற மூன்று பேரும் சேர்ந்து தடுமாறுவார்கள் இல்லையா? அதே கதைதான். ஒரு பிரதி கெட்டிருந்தாலே என்சைமின் திறன் பாதியை விட ரொம்பக் கீழே போய்விடுகிறது.

இதற்கு முந்தைய கட்டத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. சிலருக்கு ஏடிஹெச் என்சைம் வழக்கத்தை விட வேகமாக வேலை செய்யும். அவர்களுக்கு அசிட்டால்டிஹைடு சட்டென்று உருவாகும். இதுவும் கிழக்காசியாவில்தான் அதிகம்.

"பழகிடும்" என்பது ஏன் ஆபத்து?

ரெண்டு பிரதியும் கெட்டுப்போனவர்களால் குடிக்கவே முடியாது. ஒரு வாய்க்கே உடம்பு படுத்தி எடுத்துவிடும். ஒரு வகையில் அது அவர்களுக்கு நல்லது.

மாட்டிக்கொள்பவர்கள் ஒரு பிரதி மட்டும் கெட்டவர்கள். முதலில் சிவக்கும், கஷ்டமாக இருக்கும். நண்பர்களோடும் மேலதிகாரியோடும் உட்கார்ந்து குடித்துக் குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கிக்கொள்வார்கள். சிலருக்கு சிவப்பதே கூட குறைந்துவிடும். ஆனால், கோளாறான ஜீன் அப்படியேதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் நச்சு தேங்கிக்கொண்டுதான் இருக்கும்.

அசிட்டால்டிஹைடு நம் டிஎன்ஏவையே சேதப்படுத்தக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவை 1988லேயே புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மது குடிப்பதால் உண்டாகும் அசிட்டால்டிஹைடும் 2009ல் அதே பிரிவுக்கு வந்தது. அதே 2009ல் பிலிப் புரூக்ஸ், அகிரா யோகோயாமா உள்ளிட்ட ஆய்வாளர்கள், இந்த ஜீன் கோளாறோடு குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம் என்று எச்சரித்தார்கள். முகம் சிவக்குமா என்று கேட்டாலே டாக்டர்கள் ஆபத்தில் இருப்பவர்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் அவர்கள் சொன்ன முக்கியமான விஷயம். கேள்வி எளிது: ஒரு கிளாஸ் பீருக்கே முகம் சிவக்கிறதா? இப்போது இல்லையென்றால், குடிக்க ஆரம்பித்த முதல் ஓரிரு வருடங்களில் சிவந்ததா? ரெண்டாவது கேள்வி, 'பழகிப் போனவர்களை'ப் பிடிப்பதற்காக.

நம்ம ஊர்ல சிவந்தால்?

ஜீன் கோளாறு இங்கே அரிது என்பதற்காக சிவப்பதே இல்லை என்று அர்த்தமில்லை. ரோசேஷியா என்ற தோல் பிரச்னை இருப்பவர்களுக்கு மது குடித்தால் முகம் சிவக்கும். ஒயினில் இருக்கும் ஹிஸ்டமின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மருந்துகளும் காரணமாகலாம். சில ஆன்டிபயாட்டிக்குகள், பூஞ்சைத் தொற்றுக்கான கிரைசியோஃபுல்வின், பழைய சர்க்கரை மாத்திரையான குளோர்புரோபமைடு எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. வயிற்றுப்போக்குக்கு எல்லா மெடிக்கலிலும் கிடைக்கும் மெட்ரோனிடசோல் உண்மையிலேயே இதைச் செய்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும், அதைச் சாப்பிடும் நாட்களில் மது வேண்டாம் என்பதுதான் டாக்டர்களின் அறிவுரை.

ஆனால், இந்த சிவப்பை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு மாத்திரை இருக்கிறது.

1937: சேலத்தில் மதுவிலக்கு, அமெரிக்காவில் ரப்பர் ஃபேக்டரி

1937 அக்டோபர் 1ஆம் தேதி. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்த மாவட்டம் சேலம். ராஜாஜி அரசு கொண்டு வந்தது. இன்றைய நாமக்கல்லும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான்.

அதே வருடம் அமெரிக்காவில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் டாக்டர் வேறொன்றைக் கவனித்தார். ரப்பருக்குப் பயன்படும் ஒரு கந்தக ரசாயனத்தோடு வேலை பார்த்த தொழிலாளர்களால் மதுவைத் தொடவே முடியவில்லை. குடித்தால் முகம் சிவந்து, உடம்பு படாதபாடு பட்டது. குடிநோய்க்கு இதுவே மருந்தாகுமோ என்று அவர் எழுதி வைத்தார். பத்து வருடம் கழித்து டென்மார்க்கில் அந்த ரசாயனத்தின் நெருங்கிய உறவான டைசல்ஃபிராமை வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள் எரிக் ஜேக்கப்சனும் யென்ஸ் ஹால்டும். தாங்களே அதைச் சாப்பிட்டுவிட்டு மது குடித்தபோது அதே அவஸ்தை. 1948ல் அவர்கள் ஆய்வு வெளியானது. குடியை நிறுத்தும் மாத்திரையாக டைசல்ஃபிராம் உலகம் முழுக்கப் போனது.

சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை. 2003 முதல் மதுவை சில்லறையில் விற்பதே அரசின் டாஸ்மாக் நிறுவனம்தான். டைசல்ஃபிராம் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

இந்த மாத்திரை செய்வது ஒன்றே ஒன்றுதான். ஏஎல்டிஹெச் என்சைமை முடக்கிவிடும். அதாவது, சீனாக்காரருக்குப் பிறவியிலேயே இருக்கும் கோளாறை நம்ம ஊர்க்காரருக்கு மாத்திரையால் உண்டாக்குவது. "குடித்தால் உடம்பு படுத்தும்" என்ற பயத்திலேயே அவர் குடிக்காமல் இருப்பார் என்பது கணக்கு. அந்த பயம் வேலை செய்ய வேண்டுமென்றால், மாத்திரை சாப்பிடுவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா?

கூடாது. கூடவே கூடாது.

பஸ் ஸ்டாண்ட் சுவர்களிலும் நோட்டீஸ்களிலும் 'குடிப்பவருக்குத் தெரியாமலேயே உணவில் கலந்து கொடுக்கலாம்' என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. கூலியெல்லாம் கடைக்கே போகிற வீட்டில், ஒரு மனைவியோ அம்மாவோ அந்த நம்பருக்கு போன் செய்வதைக் குறை சொல்ல முடியாது. எல்லா வழியையும் பார்த்துவிட்டுத்தான் அதற்கு வந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராமாகவே இருந்தால், அது டாக்டர் சீட்டில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. குடிபோதையில் இருப்பவருக்கும், அவருக்கு முழுமையாகத் தெரியாமலும் ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்பது அமெரிக்காவில் இந்த மருந்தின் லேபிளிலேயே கட்டம் கட்டி அச்சிடப்படும் எச்சரிக்கை.

காரணம் எளிது. விஷயம் தெரிந்தவர் பயந்து ஒதுங்குவார். தெரியாதவர் வழக்கம் போல குவார்ட்டரை முழுசாக இறக்குவார். பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலை வெடிக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் இருந்தால் நிலைமை கைமீறும்; மாரடைப்பு, வலிப்பு, மரணம் வரைக்கும் போகலாம். மயங்கிக் கிடப்பவரைப் பார்த்து 'போதை அதிகம்' என்று விட்டுவிட்டுப் போவார்கள். டாக்டருக்கும் மாத்திரை விஷயம் தெரியாது.

மாத்திரையை நிறுத்தினாலும் உடனே தப்பிக்க முடியாது. முடங்கிய என்சைமுக்குப் பதிலாக உடம்பு புதிதாகத் தயாரிக்க வேண்டும். அதுவரை, அதாவது 2 வாரம் வரைக்கும் கூட, மது பட்டால் பாதிப்பு வரலாம். சரக்கு மட்டும் அல்ல. சில இருமல் டானிக்குகளிலும், தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும் ஆல்கஹால் உண்டு. இதனால்தான் முறையாகச் சிகிச்சை கொடுக்கும் இடங்களில் கல்லீரல், இதயம் எல்லாம் சோதித்து, நோயாளியின் சம்மதம் வாங்கி, குடும்பத்தில் ஒருத்தர் முன்னிலையில் மாத்திரையைப் போட வைக்கிறார்கள். டைசல்ஃபிராம் ஒத்துவராதவர்களுக்கு நால்ட்ரெக்சோன், அகாம்புரோசேட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன.

அசிடிட்டி மாத்திரை போட்டால் சிவக்காதாமே?

இப்படி ஒரு டிப்ஸ் சுற்றுகிறது. ஃபாமோடிடின் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமினைத் தடுப்பதால் சிவப்பு குறையும் என்பது உண்மைதான். நச்சு குறையாது. எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு வண்டி ஓட்டுகிற வேலை அது. சிவக்கவில்லையே என்று இன்னும் ரெண்டு ரவுண்ட் போவதுதான் நடக்கும்.

கள்ளச்சாராயத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலரைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குத்தான் கொண்டு வந்தார்கள். அங்கேயும் வேலை செய்தது அதே ஏடிஹெச் என்சைம்தான். ஆல்கஹாலை உடைப்பது போலவே அது மெத்தனாலையும் உடைக்கும். ஆனால் வருவது ஃபார்மால்டிஹைடு, அதன் பிறகு ஃபார்மிக் அமிலம். கண் பார்வையைப் பறிப்பது அந்த அமிலம்தான்.

முகம் சிவக்கிறதா என்று பார்த்து சாராயம் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது. மெத்தனால் முதலில் எதையும் காட்டிக்கொடுக்காது. பல மணி நேரம் கழித்து வாந்தி, கடும் வயிற்றுவலி, கண் மங்கல் என்று ஆரம்பிக்கும். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருந்தால் சிகிச்சைக்கான நேரம் போய்விடும்.

குடித்த பிறகு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், கண் மங்கல் இருந்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும். என்ன குடித்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்; வீட்டில் தெரியாமல் கலந்து கொடுத்திருந்தால் அதையும்தான். குடியை நிறுத்த உதவி தேவைப்படுபவர்களும் அவர்கள் குடும்பத்தினரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் கட்டணம் இல்லாதவை.