பெயரில் தங்கிய தெய்வம்

தென் சுவீடனின் பிளேகிங்கே பகுதியில் இஸ்டாபி என்னும் ஊரில் கிடைத்த நினைவுக்கல் ஒன்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் உள்ளது. காலம் ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டு. ஹரிவுல்ஃபின் நினைவாக, ஹெருவுல்ஃபின் மகன் ஹாதுவுல்ஃப் இந்த ரூன் எழுத்துகளைப் பொறித்தான் என்பதே அதன் செய்தி. மூன்று பெயர்களிலும் ஓநாயைக் குறிக்கும் பிற்பகுதி மாறாது நிற்க, முற்பகுதி மட்டும் படை, வாள், போர் என வேறுபடுகின்றது. முதலொலியும் ஒன்றே. மூவரும் ஒரு குடியினர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பண்டைய ஸ்காண்டிநேவிய ஆண்பெயர்களுட் பல இவ்வாறு இரு சொற்கள் புணர்ந்தவை. ஹரால்டு என்பதில் படையும் ஆள்பவனும், சிகுர்து என்பதில் வெற்றியும் காவலனும் உள்ளனர். ஆயினும் இவற்றைத் தொடராகக் கொண்டு பொருள் காண முயல்வோர் இடர்ப்படுவர். ஸ்டெய்னோல்ஃப் என்பது கல்லும் ஓநாயும் சேர்ந்த பெயர். கல்லுக்கும் ஓநாய்க்கும் என்ன தொடர்பு? பெற்றோர், உற்றார் பெயர்களிலிருந்து எடுத்த கூறுகளை இணைப்பதே வழக்கு. சொற்பொருளினும் உறவே முதன்மையுற்றது. பின்னர், வைக்கிங் காலத்தில், மறைந்த பாட்டன் முதலியோரின் முழுப்பெயரையே பிள்ளைக்கு இடும் வழக்கம் வலுப்பெற்றது. ஓலாஃப் என்னும் பெயரே 'முன்னோரின் எச்சம்' எனப் பொருள்படும். எச்சம் என்னும் தமிழ்ச்சொல் மக்களையும் குறித்தல் இங்கு நினைக்கத்தக்கது.

தெய்வப் பெயர்களுள் இடிக்கடவுளாகிய தோரின் பெயரே மிகுதி. பாடல்களில் தலைமை பெறும் ஓடின் பெயர் மனிதர்க்கு அரிதாகவே இடப்பட்டது. தோர்ஸ்டெய்ன் (கல்), தோர்பியோர்ன் (கரடி), தோர்கெல் (கொப்பரை) என விரியும் இப்பெயர்கள் சமயம் மாறிய பின் என்னவாயின?

ஐஸ்லாந்து கிறித்துவத்தை ஏற்பதா என்னும் பூசல் 1000ஆம் ஆண்டையொட்டி ஆல்திங் பேரவையில் மூண்டது. முடிவு, பழஞ்சமயத்தவரான சட்டமுரைப்போரிடம் விடப்பட்டது. அவர் ஒரு பகலும் ஓரிரவும் போர்வைக்குள் பேசாது கிடந்து, எழுந்து, அனைவரும் திருமுழுக்குப் பெறுக எனத் தீர்ப்பளித்தார். அவர் பெயர் தோர்கெய்ர், அதாவது தோரின் ஈட்டி. தந்தை பெயர் தோர்கெல். இந்நிகழ்ச்சியை எழுதிவைத்த பாதிரியார் ஆரியின் தந்தையோ தோர்கில்ஸ். ஸ்கால்ஹோல்ட் ஆயராக விளங்கி 1193இல் மறைந்து, 1198இல் ஆல்திங்கிலேயே புனிதராக அறிவிக்கப்பட்டவர் தோர்லாக். அவர் தந்தை தோர்ஹால். தோருக்குப் பலியிடுவோர் அற்ற நாட்டில், தோரின் பெயர் தாங்கியவரை மக்கள் வேண்டி நின்றனர். பாட்டன் பெயரைக் கைவிட எவரும் ஒருப்படவில்லை.

புதுப்பெயர் புகுந்த கதையும் ஒன்றுண்டு. நார்வே மன்னன் ஓலாஃபுக்கு 1024இல் நலிந்த மகவொன்று நள்ளிரவிற் பிறந்தது. மன்னனை எழுப்ப அஞ்சிய அவைப்புலவன் சிக்வாட், மகவு இறந்துவிடுமோ என்று உடனே திருமுழுக்குச் செய்வித்து, மாக்னஸ் எனப் பெயரிட்டான். எம் குடியில் இல்லாப் பெயரை ஏன் இட்டாய் என மன்னன் சினந்தான். பேரரசன் கார்ல் மாக்னஸின் பெயர் அது என்றான் புலவன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் இதனை எழுதியுள்ளார். உண்மையில் மாக்னஸ் பெயரன்று. 'பெரிய' எனப் பொருள்படும் இலத்தீன் அடைமொழி. அம்மகவு 1035இல் முடி சூடியது. அதன்பின் நார்வே அரியணையில் அதே பெயரில் மேலும் அறுவர் அமர்ந்தனர்.