தடையிலிருந்து வரைபடத்துக்கு: இந்திய வானில் ட்ரோன்கள்

விமானி இல்லாத வானூர்திகளுக்கான பன்னாட்டு விதி, இன்றைய ட்ரோன்களைவிட வெகு பழையது. 1944இல் சிகாகோவில் கையெழுத்தான சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 8ஆவது பிரிவு, அத்தகைய வானூர்தி எதுவும் ஒரு நாட்டின் சிறப்பு அனுமதி பெறாமல் அதன் எல்லைக்குமேல் பறக்கக் கூடாது என்றது. அவை பெரும்பாலும் ராணுவங்களிடமே இருந்ததால், பொதுமக்களுக்கு அந்த விதி நெடுங்காலம் தேவைப்படவில்லை.

2010களில் கேமரா பொருத்திய சிறிய ட்ரோன்கள் கல்யாண வீடியோக்காரர்களுக்கும் எட்டும் விலைக்கு வந்தன. 2014 மே மாதம் மும்பையில் ஒரு கடை ட்ரோனில் பீட்சா அனுப்பிப் பார்த்தது. அனுமதி பெறப்பட்டதா என்று போலீஸ் விசாரித்தது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, விதிகள் வகுக்கப்படும்வரை தனியார் எவரும் ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அறிவித்தது. விமானங்களோடு மோதும் அபாயமும் நாட்டின் பாதுகாப்பும் அதற்குக் காரணங்கள்.

2018 டிசம்பர் 1 அன்று முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. 250 கிராம் வரையுள்ள நானோ முதல் 150 கிலோவைத் தாண்டியவை வரை, ட்ரோன்கள் எடைப்படி ஐந்து வகைகளாகப் பிரிக்கப்பட்டன. நானோவுக்கு மேற்பட்டவற்றுக்கு ஒவ்வொரு முறையும் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதளத்தில் அனுமதி பெற வேண்டியிருந்தது. அது கிடைக்காவிட்டால் ட்ரோன் தரையை விட்டு எழாதபடி அதன் மென்பொருள் அமைய வேண்டும் என்பது அப்போதைய விதி.

2021 ஆகஸ்ட் 25 அன்று வந்த புதிய விதிகள் 25 படிவங்களை 5 ஆகக் குறைத்தன. அடுத்த மாதம் வான்வெளி வரைபடம் வெளியானது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன்அனுமதி தேவையில்லை. மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும்.

விமானங்கள் ஏறி இறங்கும் நேரம் தவிர, பொதுவாக 500 அடிக்குக் கீழே வருவதில்லை. 400 அடி என்ற வரம்பு விமானங்களுக்கும் ட்ரோன்களுக்கும் நடுவே இடைவெளி விடுகிறது. விமான நிலையத்தை நெருங்க நெருங்க விமானங்கள் தாழ்வதால், சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த வரம்பு 200 அடியாகக் குறைகிறது. 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள் தொடங்குகிறது.

ஹெலிகாப்டர்களோ எங்கும் தாழப் பறக்கக்கூடியவை. அதனால் ஆள் ஏறிய வானூர்திக்கு ட்ரோன்தான் எப்போதும் வழிவிட வேண்டும் என்கிறது சட்டம். வானத்தைப் பங்கிட்டுக்கொள்வதில் இதுவே முதல் விதி. ரிமோட்டைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் வரைபடத்தைப் பார்த்த பிறகே ட்ரோனைக் கிளப்ப வேண்டும்.