தாது வருஷத்தில் மறைந்த மூதாதையும் பழங்கணக்குகளும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பாட்டன் பெயரை அறியாதார் இல்லை. பூட்டன் பெயரை அறிந்தார் சிலர். அதற்கு மேற்பட்ட ஓட்டன் பெயரைக் கேட்பின், குலதெய்வத்தின் பெயரையும் ஓர் ஊரின் பெயரையும் சொல்லி நிற்பரேயன்றி ஆளின் பெயரைச் சொல்வார் மிக அரியர். இது நாளும் உறுத்துவதோர் குறையன்று. பெண் கொள்ளவும் கொடுக்கவும் பேசுங்காலத்துத்தான் முள்ளாய்த் தைக்கின்றது. ஒரே ஊரைப் பூர்விகமாகச் சொல்லும் இரண்டு குடும்பத்தார், நூறு வருஷத்திற்கு மேலாகப் பிரிந்து வெவ்வேறு ஜில்லாக்களில் வாழ்ந்தபின், தாம் பங்காளிகளோ அன்றி மாமன் மைத்துனர் முறையினரோ என்று துணிய முடியாது திகைக்கின்றனர். பங்காளி வீட்டில் பெண் கொள்ளுதல் நம்மவர்க்கு ஆகாதென்பதை இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

அத்தகைய ஐயம் சில வருஷங்களுக்கு முன் எம் குடும்பத்திற்கே நேர்ந்தது. எம் ஓட்டனார் பழைய சேலம் ஜில்லாவின் வடபாகத்து ஊரொன்றிலிருந்து தாது வருஷப் பஞ்சத்தில் புறப்பட்டு, நீலகிரி அடிவாரம் சேர்ந்தார் என்பது மட்டுமே செவிவழி வந்த செய்தி. பெயர் தெரியாது, தந்தை பெயரும் தெரியாது. சம்பந்தம் பேச வந்தவர்களோ அவ்வூரிலேயே இன்றும் இருப்பவர்கள். ஆதலின் தேடலாயினோம். தேடிய வழியை எழுதி வைப்பின் பிற குடும்பத்தார்க்கும் பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

தேடப் புகுவார் பெரும்பாலும் முதலில் எண்ணுவது குடிமதிப்பு எனப்படும் சென்ஸஸையே. இங்கிலாந்தில் 1841 முதல் வீடுதோறும் எழுதிய பெயர்ப் பட்டிகளைக் காத்துவைத்து, நூறு வருஷம் கழிந்தபின் எவரும் பார்க்க விடுகின்றனர். அதைக் கேள்வியுற்றவர் நம் நாட்டிலும் அவ்வாறே என்று நம்பி அலைவர். இங்கு அவ்வழக்கம் இல்லை. சென்னை மாகாணத்தில் 1851 முதல் ஐந்து வருஷத்திற்கொரு முறை தலை எண்ணியதுண்டு. முறையான முதற் குடிமதிப்பு 1871-இல் டாக்டர் கார்னிஷ் என்பார் மேற்பார்வையில் நடந்தது. பின்னர் 1881 முதல் பத்து வருஷத்திற்கொரு முறை தொடர்ந்தது. எண்ணுவோர் வீடுதோறும் எழுதிய தாள்கள் தொகை கூட்டி முடிந்தபின் அழிக்கப்பட்டன. எஞ்சியது அச்சிட்ட தொகைகளே. 1948-ஆம் வருஷத்துச் சென்ஸஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவோ, தனி ஆளைப் பற்றிய குறிப்பைப் பிறர் பார்ப்பதையே தடுக்கின்றது. எனவே சென்ஸஸில் மூதாதையின் பெயரைத் தேடுதல் மணலிற் கயிறு திரித்தலாம்.

ஆயினும் அத்தொகைகள் வீணல்ல. சேலம் ஜில்லாவில் 1871-இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தனர். 1881-இல் சுமார் 16 லட்சம் பேரே எண்ணப்பட்டனர். பிறப்பினால் பெருகியிருக்க வேண்டிய பத்து வருஷத்தில் மூன்றரை லட்சத்திற்கு மேல் குறைந்தது! இவருள் மாண்டவர் எத்துணையர், ஊர்விட்டுப் போனவர் எத்துணையர் என்று பிரித்தறிய இயலாதெனினும், குடும்பக் கதையில் வரும் பஞ்சம் வெறுங்கதை அன்றென்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. தாது வருஷமாவது 1876 சித்திரையில் தொடங்கியது. கணக்குகளைப் புரட்டுவோர் பசலியையும் அறிந்திருத்தல் நலம். பசலி எண்ணோடு 590 கூட்டினால், அவ்வாண்டு ஜூலை மாதம் முதல் தேதி தொடங்கும் வருஷம் கிடைக்கும். பஞ்சத்து முதல் வருஷம் பசலி 1286.

சென்ஸஸில் காணும் ஜாதிப் பெயரைக் கொண்டு தேடுவோர்க்கு ஒரு சொல். அப்பெயர்கள் ஒருபடித்தாய் நின்றவை அல்ல. 1901-இல் ரிஸ்லி துரை ஜாதிகளை உயர்வு தாழ்வு வைத்து வரிசைப்படுத்த முயன்றபின், நாடெங்கும் ஜாதிச் சங்கங்கள் விண்ணப்பமேல் விண்ணப்பம் எழுதின. சாணார் என்றிருந்த பெயர் நாடார் என மாறிப் பதிந்தது 1921-இல். ஆதலின் 1880-ஆம் வருஷத்துத் தாளில் இன்று நாம் வழங்கும் பெயரையே எதிர்பார்த்தல் கூடாது. அவ்விண்ணப்பங்களில் எழுதிய அரச பரம்பரைக் கதைகளை வம்சாவளியாகக் கொள்வதும் எமக்கு உடன்பாடன்று. அவை மதிப்பு வேண்டி எழுதியவை. கணக்குப்பிள்ளையோ தீர்வை வேண்டி எழுதினான். ஆள் இன்னான் என்று அறிய வேண்டுவார்க்குத் தீர்வைக் கணக்கே மேல்.

இனி நிலக்கணக்கைப் பார்ப்போம். பாராமகாலும் சேலமும் 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தன. காப்டன் ரீட் என்பவர் மன்றோ முதலிய உதவியாளருடன் நிலமளந்து குடிகளுக்குத் தனித்தனியே தீர்வை விதித்தார். அம்முறையே நின்றிருந்தால் நம் தேட்டம் எளிதாயிருக்கும். ஆனால் 1802-க்குப்பின் இந்நாட்டுக் கிராமங்களிற் பலவற்றை மிட்டாக்களாகப் பகுத்து ஏலமிட்டுச் சாசுவத பேஷ்குஷ் கட்டுமாறு மிட்டாதாரர்களுக்குக் கொடுத்துவிட்டனர். பேஷ்குஷ் கட்ட மாட்டாது வீழ்ந்த மிட்டாக்கள் சர்க்காரிடம் திரும்பின, மற்றவை நின்றன. நின்ற மிட்டாவில் உழுத குடியின் பெயர் சர்க்கார் கணக்கில் ஏறாது. அது மிட்டாதாரர் வீட்டுக் கணக்கில் இருக்கும், அவ்வீட்டார் காத்து வைத்திருந்தால். எம் ஓட்டனார் ஊர் அத்தகைய மிட்டா கிராமம். 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின்பின் சர்வே செய்து பட்டா கொடுத்தபோதுதான் அவ்வூர்க் குடிகளின் பெயர்கள் முதன்முறையாகச் சர்க்கார் புத்தகத்தில் வரிசையாய் எழுந்தன. ஊர் விட்டுப் போய் எழுபது வருஷத்திற்கு மேல் ஆனவர் அங்கே எவ்வாறு காணப்படுவார்?

ரயத்துவாரி ஊரினர்க்கு அடங்கலும் சிட்டாவும் அ-பதிவேடும் உண்டு. அவற்றிலும் கண் வைத்துப் படிக்க வேண்டும். தமையன் பெயரில் பட்டா நிற்க, தம்பிமார் நால்வர் பெயரின்றி உழுதிருப்பர்; பெயர் இல்லாமையால் நிலம் இல்லாதவர் என்று முடிவு கட்டலாகாது. பட்டாதாரர் இறந்து முப்பது வருஷமாகியும் பெயர் மாற்றாதே விடுதல் நம்மவர் வழக்கம். பெயர் இருத்தலால் ஆள் இருந்தார் என்றும் கொள்ளலாகாது. மானியம் பெற்ற குடும்பத்தார் பாக்கியவான்கள். 1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷனார் எழுதிய பதிவேட்டில் அநுபவிப்பவர் பெயர், வயது, முதலிற் பெற்றவர் யார், அவருக்கு இவர் என்ன முறை என்பவையெல்லாம் காணலாம். தேவாலயத்தார்க்கும் வேதியர்க்கும் மட்டுமன்று. தலையாரி, தச்சன், கொல்லன், குயவன், வண்ணான், நாவிதன் முதலியோர்க்கும் ஊழிய மானியம் இருந்தபடியால், ஏழைக் குடும்பத்தாரும் அங்கே தம் முன்னோரைக் காணக்கூடும்.

எமக்கு அதுவும் இல்லை. ஆகவே பத்திரப் பதிவை நாடினோம். 1865 முதல் பதிவு ஆபீசுகள் நடந்து வருகின்றன. பெயர் வாரியாகவும் சொத்து வாரியாகவும் அட்டவணை உண்டு. ஓட்டனார் பெயர் தெரியாமையின் ஊரைக் கொண்டே பஞ்ச வருஷங்களின் பத்திரங்களை ஒவ்வொன்றாய்ப் படித்தோம். பழைய ஜில்லா 1965-இல் தர்மபுரி என்றும், அதிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி என்றும் பிரிந்தமையால், எந்தப் புத்தகம் எந்த ஆபீசில் உள்ளதென்று அறிவதற்கே பல மாதங்கள் சென்றன. விற்றவர் பெயரிலோ வாங்கியவர் பெயரிலோ எம்மவர் இல்லை. அவர் அகப்பட்டது செக்குபந்தியில்! பசலி 1287-இல் அயலான் ஒருவன் தன் புன்செயை விற்றெழுதிய பத்திரத்தில், வடக்கெல்லையாக, இன்னான் மகன் இன்னானுடைய தம்பி விட்டுப்போன நிலம் என்று கண்டு, தம்பியின் பெயரும் எழுதியிருந்தது. ஒரு வரியே. தன் நிலத்தை எழுத அவர்க்குக் கைவரவில்லை. பிறன் நிலத்தின் ஓரமாகவே நிற்கின்றார்.

அத்தம்பியே எம் ஓட்டனார் என்பதற்குச் சான்று யாதெனின், பெயரிடும் வழக்கமே. பாட்டன் பெயரைத் தாங்குபவனாதலின் அன்றோ பெயரன் என்கின்றோம்? எம் பாட்டனார் பெயர் அப்பத்திரத்துத் தம்பியின் பெயர். எம் பூட்டனார் பெயர் அத்தம்பியின் தந்தை பெயர். ஊரும் காலமும் ஒத்தன. இவ்வழக்கம் துணையாவதுபோலவே மயக்கமும் தரும். ஒன்றுவிட்ட தலைமுறைதோறும் அதே பெயர் வருமாதலின், காலத்தை விடாது பிடித்தாலன்றிப் பாட்டனையும் பேரனையும் ஒருவராக்கி விடுவோம்.

ஊரில் தங்கிய தமையனின் வழியினரே சம்பந்தம் பேச வந்தவர்கள். அவர்களுடைய வீட்டிலும் அதே தந்தை பெயர் ஒன்றுவிட்டு ஒன்றாய் வந்திருக்கின்றது. பத்திர நகலை அவர்கள்முன் வைத்தபோது முதலில் மகிழ்ச்சியைக் காணோம், அச்சத்தையே கண்டோம். விட்டுப்போன நிலத்தில் பாகம் கேட்க வந்தவர்கள் என்று எண்ணினர் போலும். பன்னிரண்டு வருஷத்து அநுபோகத்திற்கே சட்டம் இடங்கொடுக்கையில், நூற்று நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட அநுபோகத்தை அசைப்பார் யார்? ஆயினும் சட்டம் பேசி மனத்தைத் தேற்றல் அரிது. எம் பெரியவர்கள் குலதெய்வத்தின் சந்நிதியில் நிலம் கேளோம் என்று கற்பூரம் அணைத்துச் சொன்ன பின்னரே அவ்வீட்டுக் கிழவனார் வாய் திறந்தார். ஊர்ப் பொங்கலில் ஒரு தளிகையைத் தனியே எடுத்து, போனவன் பங்கு என்று வைப்பது தம் வீட்டு வழக்கமென்றும், போனவன் யாரென்று தமக்கே தெரியாதென்றும் சொன்னார்.

சம்பந்தம் நின்றுவிட்டது, பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அது வருத்தமே. மறு வருஷம் கோயில் தலைக்கட்டு வரிப் பட்டியில் எம் குடும்பத்துப் பதினொரு தலைக்கட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். ஓட்டனாருடன் கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு மலைக்கு நடந்த அவர் மனைவியின் பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை. பிறந்த வீட்டார் ஊர் மேற்கே ஆற்றங்கரையில் உள்ளதென்று அக்கிழவனார் சொன்னார். அவ்வூர் மிட்டா அன்று, ரயத்துவாரி கிராமம்.