பாக்பஜாரின் பாசு மாளிகை

விக்டோரியா காலத்துக் கல்கத்தாவில் வங்காளிச் செல்வர் ஒருவர் வீடு கட்டினால், முகப்பில் கொரிந்தியத் தூண்களை நிறுத்துவது ஏறக்குறைய எழுதப்படாத விதி. சௌரங்கியில் ஆங்கிலேயர் கட்டியதைப் பார்த்து வடக்கு நகரமும் அப்படியே கட்டிக்கொண்டது. 1870களின் பிற்பகுதியில் நந்தலால் பாசுவும் பசுபதி பாசுவும் பாக்பஜாரில் எழுப்பிய மாளிகை இவ்வழக்கத்திலிருந்து விலகியது. வங்காளிகள் அதைப் 'பாசு பாட்டி' என்பர். 'பாட்டி' அங்கே வீட்டைக் குறிக்கும் பழஞ்சொல்.

வடிவமைத்தவர் நீல்மணி மித்ரா. ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் பயின்ற தொடக்ககால வங்காளிகளுள் ஒருவர். ஐரோப்பியக் கட்டுமான முறையை அவர் ஒதுக்கவில்லை. அலங்காரத்திற்கு மட்டும் வங்க, இஸ்லாமிய மரபுகளை நாடினார். இதைத் தேசிய உணர்வென்று உடனே கொண்டாடிவிட இயலாது. எனினும் 1867 முதல் நடந்துவந்த இந்து மேளா, உள்நாட்டுக் கைத்தொழில் பற்றிய பேச்சை நகரில் பரப்பியிருந்த காலம் அது என்பதையும் மறக்கலாகாது.

வீட்டின் உயிர்நிலை தாக்குர்தாலான், அதாவது முற்றத்தை நோக்கித் திறந்த பூசை மண்டபம். செட்டிநாட்டு வளவை அறிந்தவர்க்கு அம்முற்றம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் இங்கே துர்க்கை பூசையின்போது முற்றம் ஊருக்குரியதாகிவிடும். தனியார் வீட்டில் பொதுவெளி ஒன்று உருவாக அது போதுமானதாக இருந்தது.

1885 ஜூலை 28 அன்று, நந்தலாலிடமிருந்த தெய்வப் படங்களைக் காண இராமகிருஷ்ணர் வந்தார். 1897 பிப்ரவரியில், பாம்பன், இராமநாதபுரம், சென்னை வழியே கல்கத்தா திரும்பிய விவேகானந்தருக்குப் பசுபதியின் வீட்டில் விருந்தளிக்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்புவரை அவர் சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸில் தங்கியிருந்தார்.

ஆனால் இவ்வீட்டை வரலாற்றில் நிறுத்துவது 1905 அக்டோபர் 16. வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்த நாள். பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. தெருக்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் ராக்கி கட்டிக்கொண்டனர். பிற்பகலில், நோயுற்றிருந்த ஆனந்த மோகன் போஸ் நாற்காலியில் சுமந்து வரப்பட்டு, மேல் சர்குலர் சாலையில் ஃபெடரேஷன் ஹாலுக்கு அடிக்கல் நாட்டினார். அங்கிருந்து கூட்டம் வெறுங்காலுடன் பாக்பஜாருக்கு நடந்து, பசுபதி பாசுவின் வீட்டை நிறைத்தது. தேசிய நிதிக்கு அங்கேயே ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. பெரும்பகுதி எளியோரின் சிறுதொகைகள். நோக்கம் கைத்தறி நெசவுக்கு ஆதரவு. ஜமீன்தார்களின் பெருங்கொடையில் நடந்துவந்த கல்கத்தா அரசியலில், கொடுத்தவர் யார் என்பதே செய்தியாக இருந்தது.

விக்டோரியா நினைவகத்தைச் சுற்றிப்பார்க்க வரும் கூட்டத்தில் சிலரே இன்று பாக்பஜார்வரை வருகின்றனர். காரை உதிர்ந்து, செங்கல் தெரிய நிற்கிறது மாளிகை. நீல்மணி தேர்ந்த தூண்களையும் வளைவுகளையும் இன்னும் அடையாளம் காண முடிகிறது.