காசுக்குத் தகுமா எஸ்.எஸ்.டி.? – கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வகுத்தல் கணக்கு

"எஸ்.எஸ்.டி. போடலாமா பாஸ், அந்தக் காசுக்குத் தகுமா?" பொட்டி தட்டுற பொழப்புல இருக்கிறதால மாசத்துக்கு ஒருத்தராவது என்கிட்ட இதைக் கேட்டுடறாங்க. ஏதோ இந்தக் காலத்துக் கேள்வின்னு நினைப்பு. மக்களே, நான் பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே, லட்சக்கணக்கான டாலர் கணக்குல இதே கேள்வி எழுந்தாச்சு. கொசுவத்தியைக் கொஞ்சம் பெருசாவே சுத்தப் போறேன், பொறுத்துக்கோங்க.

1956-ல ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் தான் முதல் வன்தட்டு. ரெண்டடி விட்டத்துல 50 தட்டு, கிட்டத்தட்ட ஒரு டன் எடை, 50 லட்சம் எழுத்து கொள்ளும். உள்ள இருக்கிற ஒரு தகவலைத் தேடி எடுக்க சுமார் 0.6 நொடி. அதுலேர்ந்து நேரா 2007-க்குத் தாவுவோம். ஹிட்டாச்சி 1 டிபி வன்தட்டை 399 டாலருக்கு விட்டாங்க. கொள்ளளவு 2 லட்சம் மடங்குக்கு மேல ஏறியாச்சு. தேடி எடுக்கிற நேரம்? 600 மில்லிசெகண்டு, 13 மில்லிசெகண்டு ஆச்சு. வெறும் 45 மடங்கு!

ஏன்னா வன்தட்டுங்கறது பாதி இயந்திரம். தட்டு சுத்தணும், கை நகரணும். நிமிஷத்துக்கு 7,200 சுத்துன்னா ஒரு சுத்துக்கு 8.3 மில்லிசெகண்டு. அதைக் குறைக்க இயற்பியல் விடாது. குடோன் 2 லட்சம் மடங்கு பெருசாயிடுச்சு, உள்ள போய் சாமான் எடுத்துட்டு வர்றவர் மட்டும் அதே ஒத்தை ஆள். கொஞ்சம் வேகமா நடக்கப் பழகிக்கிட்டார், அவ்வளவுதான்.

இந்த ஆளை நம்பி வண்டி ஓடாதுன்னு சிலருக்கு முன்னாடியே புரிஞ்சிருக்கு. 1978-ல ஸ்டோரேஜ்டெக் நிறுவனம் தட்டே சுத்தாத ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. 45 எம்பி, விலை 4 லட்சம் டாலர். சைபரை நான் தப்பாப் போடலை. அதுக்குப் போட்டி ஐபிஎம்-மோட 2305. அதைவிட ஏழு மடங்கு வேகம், விலை கிட்டத்தட்ட பாதின்னு அன்னிக்குச் செய்தி. ஐபிஎம் பெட்டியைப் பக்கத்துல வச்சுப் பார்த்தா 4 லட்சம் டாலர் 'மலிவு'!

இதையெல்லாம் முறையான கணக்காக்கினவர் ஜிம் கிரே. டேட்டாபேஸ் உலகத்துல பெரிய தலை. 1987-ல அவரும் ஃபிராங்கோ புட்சோலுவும் எழுதின 'ஐந்து நிமிட விதி' கட்டுரை ரொம்பச் சின்னது, ஆனா எனக்குக் காலேஜ்ல நாலு வருஷம் சொல்லித் தராத ஒண்ணைச் சொல்லிக் கொடுத்தது. வன்தட்டோட விலையை எம்பி-யால வகுக்கறதோட நிறுத்தாம, நொடிக்கு எத்தனை தடவை தேடி எடுக்கும்ங்கற எண்ணாலயும் வகுத்தாங்க. 15,000 டாலர் வன்தட்டு நொடிக்கு 15 தடவை எடுக்கும். ஆக ஒரு தடவைக்கு 1,000 டாலர். அதுக்கான சிபியு செலவு இன்னொரு 1,000. மெமரியோ ஒரு கேபி 5 டாலர். 2,000-ஐ 5-ஆல வகுத்தா 400. அதாவது 400 நொடிக்கு ஒரு தடவையாவது தேவைப்படற தகவலை மெமரியில வச்சுக்கறதுதான் லாபம். தோராயமா அஞ்சு நிமிஷம், அதான் பேரு. ஒரே பொருளுக்கு ரெண்டு விலை. கொள்ளளவுக்கு ஒண்ணு, காத்திருப்புக்கு ஒண்ணு.

ஃப்ளாஷ் கதையைச் சுருக்கமா முடிச்சுடறேன். தோஷிபாவுல ஃபூஜியோ மசுவோகா 1984-ல ஃப்ளாஷ் மெமரியையும் 1987-ல அதோட நேண்ட் வகையையும் உலகத்துக்குக் காட்டினார். 1991-ல சன்டிஸ்க் (ஆமா, அதே சான்டிஸ்க்தான்) 20 எம்பி எஸ்.எஸ்.டி. வித்தது, விலை ஏறக்குறைய 1,000 டாலர். அப்புறம் ரொம்ப காலம் நம்மள மாதிரி சாமானியன் பக்கம் இது எட்டிக்கூடப் பார்க்கலை.

2008 ஜனவரியில மேக்புக் ஏர் வந்தது. 80 ஜிபி வன்தட்டோட 1,799 டாலர். அதை எடுத்துட்டு 64 ஜிபி எஸ்.எஸ்.டி. போட கூடுதலா 999 டாலர்! இடமும் 16 ஜிபி கம்மி. ஜிபி கணக்குப் பார்க்கிறவனுக்கு மயக்கமே வந்திருக்கும்.

அதே செப்டம்பர்ல இன்டெல்லோட எக்ஸ்25-எம் வந்தது. 80 ஜிபி, மொத்த விலை 595 டாலர். ஜிபி-க்கு 7 டாலர் 40 சென்ட். ஹிட்டாச்சி வன்தட்டுல ஜிபி 40 சென்ட்தான். 18 மடங்கு விலை, கடையை மூடிட்டுப் போயிடலாம். இப்ப ஜிம் கிரே மாதிரி வகுங்க. ஹிட்டாச்சி நொடிக்கு சுமார் 75 தடவை எடுக்கும், ஒரு தடவைக்கு 5 டாலர் 30 சென்ட். இன்டெல் சொன்னது நொடிக்கு 35,000. விளம்பரக் கணக்குன்னு தாராளமா தள்ளுபடி பண்ணி 10,000-னே வச்சுக்குவோம். ஒரு தடவைக்கு 6 சென்ட். கிட்டத்தட்ட 90 மடங்கு மலிவு! என்னைக் கேட்டா இந்த வரலாறு திரும்பின இடம் இதுதான்.

ஆனா அப்ப எல்லா எஸ்.எஸ்.டி.-யும் இப்படி இல்ல. ஃப்ளாஷ்ல எழுதறது 4 கேபி, 4 கேபியா. அழிக்கறது மட்டும் 512 கேபி மொத்தமா. சிலேட்டுல ஒரு எழுத்தை மாத்த முழு சிலேட்டையும் துடைச்சுட்டு மறுபடி எழுதற மாதிரி. இதைச் சமாளிக்கத் தெரியாத கன்ட்ரோலரோட மலிவு எஸ்.எஸ்.டி.-கள் சிலது 2008-ல வந்து, சின்னச் சின்னதா எழுதும்போது அரை நொடி, ஒரு நொடின்னு உறைஞ்சு நின்னுச்சு. ஆனந்த் லால் ஷிம்பி 2009 மார்ச்சுல இதைப் பிரிச்சு மேய்ஞ்சு எழுதின நீளக் கட்டுரை, வன்பொருள் விமர்சனம் எப்படி எழுதணும்ங்கறதுக்குப் பாடம். அழிச்ச இடம் எதுன்னு எஸ்.எஸ்.டி.-க்கு முன்கூட்டியே சொல்ற டிரிம் வசதி, அதே வருஷ அக்டோபர்ல விண்டோஸ் 7-ஓட வந்தது.

இப்ப எதிர்க்கட்சி. 2009-லயே மைக்ரோசாஃப்டோட கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் சர்வர்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. வன்தட்டைத் தூக்கிட்டு எஸ்.எஸ்.டி. போட்டா கட்டுப்படியாகுமா? அவங்க பார்த்த எந்த வேலைக்கும் ஆகாதுன்னு முடிவு. கட்டுப்படியாக, ஒரு டாலருக்குக் கிடைக்கிற கொள்ளளவு, வேலையைப் பொறுத்து 3 மடங்குலேர்ந்து 3,000 மடங்கு வரை கூடணுமாம். ஜிம் கிரே கணக்கு பொய்யான்னா, இல்ல. அந்த சர்வர்கள்ல நிறைய தகவல் சும்மா தூங்குது. தூங்கற சாமானுக்கு வேகமான ஆள் எதுக்கு? ஆனா அவங்களே ஒரு விதிவிலக்கு சொல்றாங்க. இயங்குதளம் கிளம்பற சின்ன வால்யூம் மாதிரி இடத்துக்கு மட்டும் இது தகும்னு.

நம்ம லேப்டாப் அதேதானே! விண்டோஸ், பிரவுசர், நாலு மென்பொருள். இடம் கம்மி, ஆனா ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்பைத் தேடி ஓடணும்.

போன மாசம் என் சித்தப்பா பையன் ஃபோன் பண்ணான். "அண்ணா, லேப்டாப் ஆன் பண்ணிட்டு குளிச்சிட்டே வந்துடலாம்ணா. புதுசு வாங்கித் தரச் சொல்லி அப்பாகிட்ட கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு." அவன் இப்பதான் வேலை தேட ஆரம்பிச்சிருக்கான், ஆன்லைன் தேர்வு எல்லாம் அதுலதான் எழுதணும். பத்து வருஷப் பழசு, 500 ஜிபி வன்தட்டு, அதுல முக்கால்வாசி சினிமா. சினிமாவை வெளி வன்தட்டுக்கு மாத்திட்டு 256 ஜிபி எஸ்.எஸ்.டி. போடச் சொன்னேன். புதுசுக்கு ஆகிற செலவுல அது ஒரு சின்னப் பங்கு. "500 இருந்த இடத்துல 256 போட்டா எப்டிண்ணா?"ன்னு கேட்டான் பாருங்க! 2008-ல மேக்புக் ஏர் வாங்கப் போனவன் கேட்டிருக்கக்கூடிய அதே கேள்வி :-)

விலை அப்புறம் நல்லாவே இறங்குச்சு. 2011 தாய்லாந்து வெள்ளத்துல ஆலைகள் மூழ்கி வன்தட்டு விலை எகிறினது தனிக்கூத்து. 2023-ல 1 டிபி எஸ்.எஸ்.டி. 50 டாலருக்குக் கீழகூடக் கிடைச்சது. அதுக்கப்புறம் விலை மறுபடி ஏறியிருக்கு. அதனால இன்னிக்கும் கேம்பிரிட்ஜ்காரங்க சொன்னது பாதி செல்லும். என் வீட்டுக் கல்யாண வீடியோவும் ஃபோட்டோவும் ரெண்டு வெளி வன்தட்டுலதான் தூங்குது, வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுத்துப் பார்த்தா அதிகம். போதாக்குறைக்கு, மின்சாரமே காட்டாம வருஷக்கணக்குல பூட்டி வச்சா ஃப்ளாஷ்ல இருக்கிற மின்னேற்றம் மெல்லக் கசியும். அந்த வேலைக்கு எஸ்.எஸ்.டி. ஓசியில கொடுத்தாலும் எனக்கு வேணாம்.